ஜோடி பிரிந்த படங்கள்

கணவன் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம். சுவரைப் பார்த்து நிற்பவரின் கண்ணுக்கு அப்படித்தான் தெரிய வேண்டும். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பிரபுக் குடும்பங்களில் அது எழுதாத சட்டம். படங்கள் இரண்டு என்றாலும் அளவு ஒன்றுதான், மரச்சட்டமும் ஒரே மாதிரி. இருவரும் உடலை லேசாகத் திருப்பி ஒருவரையொருவர் நோக்கியிருப்பார்கள். ஒன்றை மட்டும் கழற்றி எடுத்தால், மிஞ்சியவர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று ஏலத்தில் பல சீமாட்டிகள் அப்படித்தான் நிற்கிறார்கள். கணவர் படத்தின் பின்புறத்தில் குடும்பப் பெயர் எழுதியிருந்திருக்கும். அது வேறு ஊருக்குப் போய்விட்டால், இவர் வெறும் ‘ஒரு சீமாட்டியின் உருவப்படம்’.

இதில் பெண் ஓவியர்களுக்கு நேரும் இழப்பு இன்னும் பெரியது. ஆடையற்ற உடலைப் பார்த்து வரையும் வகுப்புகளில் அன்று பெண்களுக்கு இடமில்லை. அதனால் வரலாற்றுக் காட்சிகளை வரையும் வழி ஏறக்குறைய அடைபட்டிருந்தது. பிழைப்புக்கு இருந்தது உருவப்படம்தான். பெர்லினில் 1721இல் பிறந்த அன்னா டொரோத்தியா தெர்புஷ் அந்தத் தொழிலை அப்பாவிடம் கற்றார். அக்கா அன்னா ரோசினாவும் தம்பியும் ஓவியர்களே. விடுதிக்காரர் ஒருவரை மணந்து, குடும்பத்தையும் விடுதியையும் கவனித்து, நாற்பது வயதை நெருங்கிய பிறகுதான் தெர்புஷ் முழுமூச்சாகத் தூரிகையைப் பிடித்தார். 1761இல் ஸ்டட்கார்ட் அரசவைக்கும் பிறகு அங்கிருந்து மான்ஹைம் அரசவைக்கும் போனார். 1767இல் பாரிஸ் அரச கலைக்கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனாலும் கடனோடுதான் அவர் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. பிறகு பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்குக்கும் ருஷ்யப் பேரரசி கேத்தரினுக்கும் வரைந்தார்.

பெர்லின் ஓவியக்கூடத்தில் உள்ள அவருடைய தன்னுருவப்படத்தைப் பாருங்கள். தலையலங்காரத்திலிருந்து ஒற்றைக் கண்ணாடி ஒன்று தொங்கி ஒரு கண்ணை மறைக்கிறது, மடியில் புத்தகம். வயதையும் பார்வைக் குறைவையும் ஒளிக்கவில்லை. தன்னையே இவ்வளவு நேர்மையாகப் பார்த்தவர், எதிரே உட்கார்ந்த பிரபுவை எப்படிப் பார்த்திருப்பார்! அந்தப் பார்வையின் ஒரு பாதியை மட்டும் வாங்கிப் போவது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

பிரிவுக்குக் காரணங்கள் உண்டு. சொத்துப் பிரிக்கும்போது மகனுக்கு அப்பா படம், மகளுக்கு அம்மா படம் என்று போனது. போர் வந்தது. 1945இல் சோவியத் வசமிருந்த கிழக்குப் பகுதியில் 100 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் பறிமுதலாயின. மாளிகைச் சுவர்களில் இருந்தவை மூலைக்கொன்றாகச் சிதறின. இவற்றை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இன்று லாபத்துக்காக ஜோடியைப் பிரித்து விற்பதைத் தடுக்க முடியும். தனித்தனியாக விற்றால் இரண்டு ஊர்க்காரர்கள் பார்க்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். பார்க்கலாம்தான், ஆனால் பாதியை.

சேர்ந்தே இருக்கும்போது என்ன கிடைக்கிறது என்பதைப் பார்க்க, கவிஞர் ஷில்லரின் ஊரான மார்பாக்குக்குப் போக வேண்டும். ஷில்லர் 1782இல் வுர்ட்டம்பெர்க் கோமகனின் பிடியிலிருந்து தப்பி ஓடியவர். 1793இல்தான் சொந்த நாட்டுப் பக்கம் திரும்பி வந்தார், கர்ப்பிணி மனைவி சார்லொட்டேயோடு. லுட்விக்ஸ்பர்கில் மூத்த மகன் பிறந்தான். ஷில்லருடைய தமக்கையின் இளமைத் தோழி லுடோவிகே சிமனோவிட்ஸ் அந்த வருகையின்போது அவரை வரைந்தார், சார்லொட்டேயையும் வரைந்தார். கோமகனின் தோட்டங்களைக் கவனித்துவந்த ஷில்லரின் அப்பாவையும், அவர் அம்மாவையும்கூட வரைந்தார். இரண்டு தலைமுறை, இரண்டு ஜோடி. சில ஆண்டுகளில், 1796இல், அப்பா இறந்துவிட்டார். பாரிஸில் பயின்று அரசவைக்காரர்களையும் வரைந்த சிமனோவிட்ஸ், கணவர் முடங்கிய பின் படம் வரைந்தும் வகுப்பெடுத்தும் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் உழைப்பு அங்கே சிதறாமல் இருக்கிறது.

மற்ற படங்களுக்கு இந்த யோகம் வாய்க்கவில்லை. கித்தானின் அளவு, நெசவு, ஆள் திரும்பியிருக்கும் திசை ஆகியவற்றை ஒப்பிட்டு ஆய்வாளர்கள் இழந்த துணையைத் தேடுகிறார்கள். துணை எங்கே என்று தெரிந்த பிறகாவது விற்பனைப் பட்டியலில் அதை அச்சிட வேண்டும். வாங்கும் அருங்காட்சியகம் படத்துக்குப் பக்கத்தில், சரியான புறத்தில், அதே அளவில் துணையின் நிழற்படத்தை மாட்ட வேண்டும்.