ஓடும் போர்டில் ஒரு நடனம்... லாங்போர்டு வாங்கும் முன் இதையெல்லாம் கவனியுங்கள்!

தென்கொரியத் தலைநகர் சியோல். ஹான் நதிக்கரைப் பூங்காவில் நீளமான சக்கரப் பலகை ஒன்று மெதுவாக உருண்டு வருகிறது. அதன் மேல் நிற்கும் இளம்பெண் ஒரு காலை மறுகாலுக்குக் குறுக்கே எடுத்து வைத்து முன்னால் நடக்கிறார். நுனிக்குப் போனதும் சட்டெனத் திரும்புகிறார். மறுபடியும் பின்னால் நடந்து வருகிறார். போர்டு மட்டும் நிற்கவே இல்லை!

டிசைனராக வேலை பார்த்த கோ ஹியோஜூவை 2016 வாக்கில் உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவை இப்படிப்பட்ட இன்ஸ்டாகிராம் வீடியோக்கள்தான். இந்தக் கலைக்குப் பெயர், லாங்போர்டு டான்ஸிங். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் இதற்கென்றே சர்வதேசப் போட்டி நடத்தும் அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது.

வீடியோவைப் பார்த்த கையோடு, 'நாமும் ஒண்ணு வாங்கிடலாமே' என்று ஆன்லைனில் தேடுபவர்கள் அதிகம். கண்ணில் படும் முதல் போர்டையே ஆர்டர் போட்டுவிட்டால் காசும் வீண், கையில் கட்டும் விழலாம். சரியான போர்டை எப்படித் தேர்வு செய்வது?

அலையிலிருந்து தரைக்கு!

அலைச்சறுக்கு வீரர்கள் நீளமான சர்ஃப் போர்டில் குறுக்குக் கால் வைத்து நுனி வரை நடப்பார்கள். அதற்கு 'கிராஸ் ஸ்டெப்' என்று பெயர். லாங்போர்டு டான்ஸின் முதல் பாடமும் அதுவேதான். நடக்க வேண்டும் என்றால் இடம் வேண்டும் அல்லவா? தெருவில் சாகசம் செய்யும் சாதாரண ஸ்கேட்போர்டு சுமார் 32 அங்குல நீளம்தான் இருக்கும். டான்ஸ் போர்டு 42 முதல் 48 அங்குலம் வரை நீள்கிறது. அகலம் 9 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பாதம் வசதியாக உட்காரும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருந்து, இரண்டு நுனிகளும் சற்று மேல்நோக்கி வளைந்திருப்பது நல்லது. போர்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆட்டம் தடைபடாது.

அமெரிக்காவின் லோடட் நிறுவனம் வெளியிட்ட பிரபல டான்ஸ் போர்டு ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? நம்ம பஞ்சாபின் 'பாங்க்ரா'!

உங்கள் எடைதான் முக்கியம்

டெக் எனப்படும் பலகை, ஏறி நின்றால் லேசாக வளைந்து கொடுக்க வேண்டும். இதை 'ஃப்ளெக்ஸ்' என்கிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்குத் துள்ளலாக இருக்கும் பலகை, 85 கிலோ எடையுள்ளவருக்குத் தொட்டில் மாதிரி தொய்ந்துவிடும். அவர் ஏறிக் குதித்தால் தரையையே தொட்டுவிடலாம். அதனால் ஒரே மாடலைக்கூடப் பல ஃப்ளெக்ஸ்களில் தயாரிக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த நட்சத்திரம் எந்த போர்டில் ஆடுகிறார் என்பதைவிட, உங்கள் எடைக்கு எந்த ஃப்ளெக்ஸ் என்று பாருங்கள்.

டிரக், புஷ்ஷிங்

பலகையையும் சக்கரங்களையும் இணைக்கும் உலோக அச்சுக்குப் பெயர் டிரக். 'ரிவர்ஸ் கிங்பின்' வகையில் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 டிகிரி கோணமும் கொண்டவை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை. உடலைச் சாய்த்தாலே அழகாக வளைந்து திரும்பும்.

டிரக்குக்குள் இருக்கும் ரப்பர் போன்ற வளையம்தான் புஷ்ஷிங். விலை குறைவு, வேலை பெரிது. 50 கிலோவுக்குக் குறைவான எடை என்றால் 80ஏ அளவிலான மென்மையும், 80 கிலோவைத் தாண்டினால் 90ஏ பக்கம் கடினமும் சரியாக இருக்கும். போர்டு தள்ளாடுகிறது என்று நட்டை இறுக்கிக்கொண்டே போகாமல் முதலில் புஷ்ஷிங்கை மாற்றிப் பாருங்கள்.

சக்கரம் கடிக்குமா?

கடிக்கும்! பெரிய சக்கரம் போட்டால் சாய்ந்து திரும்பும்போது பலகையின் ஓரம் அதில் உரசும். சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ள, போர்டு நின்றுவிடும். நீங்கள் மட்டும் முன்னால் பறப்பீர்கள். 'வீல்பைட்' எனப்படும் இது பல விபத்துகளுக்குக் காரணம். ஓட்டும் முன்பு பலகையின் ஒரு ஓரத்தில் முழு பலத்துடன் அழுத்திப் பாருங்கள். உரசினால் டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே 'ரைசர்' என்ற சிறு அட்டையை வைக்கலாம், அல்லது சிறிய சக்கரத்துக்கு மாறலாம்.

65 முதல் 70 மில்லிமீட்டர் உயரமும் 78ஏ முதல் 80ஏ வரை மென்மையும் கொண்ட சக்கரங்கள் கரடுமுரடான சாலையையும் ஓரளவு சமாளிக்கும். பேரிங்குக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எல்லோர் கையிலும் சுழன்ற ஃபிட்ஜெட் ஸ்பின்னரில் இருந்த அதே 608 அளவு பேரிங்தான் இதிலும். டான்ஸ் போர்டு ஓடுவதே ஜாகிங் வேகத்தில்தான்!

முதலில் ஹெல்மெட்

பட்ஜெட் போடும்போது ஹெல்மெட்டையும் மணிக்கட்டுக் காப்பையும் முதல் வரியில் எழுதுங்கள். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது மனித இயல்பு. அப்போது மொத்த எடையையும் தாங்குவது மணிக்கட்டுதான்.

போர்டு வந்த அன்றே சாலைக்கு ஓடாதீர்கள். புல்தரையில் வையுங்கள். சக்கரம் உருளாது. அதன் மேல் குறுக்குக் கால் வைத்து நடந்து பழகுங்கள். பிறகு வாகனங்கள் வராத சமதளத்தில், ஒரு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். நிறுத்தத் தெரிந்த பிறகு ஆட்டத்தைத் தொடங்கலாம்.

உயரத்திலிருந்து குதிக்க வேண்டியதில்லை, வேகமும் தேவையில்லை. அதனால் 15 வயதுக்காரர் மட்டுமல்ல, அவரை அழைத்து வரும் அம்மாவும் மெதுவாக முயற்சி செய்யலாம். என்ன, அம்மாவின் எடைக்குத் தனி புஷ்ஷிங் வாங்க வேண்டியிருக்கும்!