இசைத் தொகுப்பும் அதன் பெயர்க்குறிப்பும்

பரிபாடல் எழுபதனுள் இன்று முழுமையாகக் கிடைப்பன 22. அவற்றை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918-ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அப்பாடல்களிற் பெரும்பாலனவற்றின் இறுதியில் மூன்று செய்திகள் குறிக்கப்பட்டுள்ளன: பாட்டை இயற்றியவர் பெயர், அதற்கு இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர். மூன்றாம் பாடலை இயற்றியவர் கடுவன் இளவெயினனார், இசை வகுத்தவர் பெட்டனாகனார், பண் பாலையாழ். ஐந்தாம் பாடலை இயற்றியவரும் இளவெயினனாரே, பண்ணும் பாலையாழே, இசை வகுத்தவர் மட்டும் கண்ணனாகனார். பாட்டு ஒருவருடையதாகவும் இசை மற்றொருவருடையதாகவும் இருத்தல் கூடும் என்பதையும், இருவர் பெயரும் தனித்தனியே காக்கப்பட வேண்டும் என்பதையும் அக்குறிப்பை எழுதி வைத்த முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

அவ்விசையோ இன்று இல்லை. குறிப்பு எஞ்சியது, இசை மறைந்தது. இக்காலத்து ஒலிப்பதிவுகளுக்கு நேர்வது இதற்கு மறுதலையாம். இசை எஞ்சுகின்றது, குறிப்பு மறைகின்றது. கருநாடக இசை, தேவார இசை ஆகியவற்றின் பதிவுகளைக் கணிப்பொறியில் தொகுத்து, மீடியா பிளேயர் எனப்படும் ஒலியியக்கி மென்பொருளில் அவற்றை ஒழுங்குபடுத்துவது எவ்வாறு என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் பிழை ஒன்றை முதற்கண் கூறுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் இசைச்சுவைஞர் ஒருவர், கச்சேரிகளில் தாமே பதிவு செய்த ஒலிநாடாக்களை எம்மிடம் அளித்தார். ஒவ்வொரு பெட்டியினுள்ளும் பென்சிலால் எழுதிய சிறு தாள் ஒன்று இருந்தது. யாம் நாடாக்களைக் கணிப்பொறிக்கு மாற்றுவதில் முனைந்து, தாள்களைப் பின்னர்ப் படி எடுத்துக்கொள்ளலாம் என ஒதுக்கி வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் அவை நனைந்து எழுத்தழிந்தன. அதற்குள் அப்பெரியவரும் காலமாகிவிட்டார். இன்று அக்கோப்புகளை இயக்கினால் பாடுபவர் குரலை அறிகிறோம், இராகத்தை அறிகிறோம், தாளத்தை எண்ணி அறிகிறோம். ஆயின் வயலின் வாசித்தவர் யார், எவ்வூர்க் கச்சேரி, எவ்வாண்டு என்பனவற்றை உறுதியாகச் சொல்வார் இலர். திரையில் காண்பது ‘பெயர் அறியாக் கலைஞர்’, ‘டிராக் 1’ என்பனவே.

மென்பொருளின் அமைப்பு

ஒலிக்கோப்பினுள்ளேயே அதனைப் பற்றிய செய்திகளை எழுதி வைக்க இடம் உண்டு. இவ்வாறு எழுதப்படுவதைக் கணிப்பொறியாளர் ‘டேக்’ என்பர். யாம் ஈண்டுப் பெயர்க்குறிப்பு என வழங்குவோம். அதன் ஒவ்வோர் உறுப்பும் ‘புலம்’ எனப்படும். எம்.பி.3 கோப்புகளுக்கென 1996-இல் வகுக்கப்பட்ட ஐ.டி.3 முதல் முறை, கோப்பின் இறுதியில் 128 பைட்டு அளவினதாகிய சிறு இடத்தையே கொண்டது. தலைப்பு, கலைஞர், தொகுப்பு, குறிப்புரை ஆகிய நான்கிற்கும் தனித்தனியே 30 பைட்டு, ஆண்டிற்கு 4, வகைக்கு 1. எஞ்சிய மூன்றும் அடையாளக் குறிக்கு உரியன.

இவ்வளவில் நம் இசைச் செய்திகள் அடங்கா. தமிழ் ஒருங்குறியில், யூ.டி.எஃப்.8 என்னும் முறைப்படி ஒவ்வொரு குறியெண்ணும் 3 பைட்டு கொள்ளும். ‘கோபாலகிருஷ்ண பாரதியார்’ என்று எழுத 64 பைட்டு வேண்டும். 30 பைட்டில் எழுதின் ‘கோபாலகிருஷ’ என்பதோடு பெயர் அறுந்துபோம். வகைக்கென முதலில் வகுத்த 80 பெயர்களுள்ளும் செவ்வியல் இசை என ஒன்று உண்டேயன்றிக் கருநாடக இசைக்குத் தனி இடம் இல்லை.

1998-இல் தோன்றிய இரண்டாம் முறை இக்குறையைப் பெரிதும் நீக்கியது. பாடலாசிரியர், இசையமைத்தவர் ஆகியோருக்கு அதில் வெவ்வேறு புலங்கள் உள்ளன. பயன்படுத்துவோர் தாமே பெயரிட்டு வகுத்துக்கொள்ளும் புலங்களும் உள்ளன. ஃபிளாக் கோப்புகளில் புலத்தின் பெயர் உரோம எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பதன்றி வேறு பெருந்தடை இல்லை. அதனுள் எழுதுவது தமிழாகவே இருக்கலாம்.

எனவே இன்றைய இடர்ப்பாடு இடமின்மையன்று. பெரும்பாலான மென்பொருள்கள் கலைஞர், அவர்தம் தொகுப்பு, அதனுள் பாடல் என்னும் ஒரே படிமுறையில் அனைத்தையும் காட்ட முற்படுகின்றன. ஒருவர் பாடி வெளியிட்ட இசைத்தட்டிற்கு அது பொருந்தும். ஒரே கீர்த்தனையைப் பலர் பல காலத்தில் பாடுவதும், ஒரே கச்சேரியில் பல ஆசிரியர் பாடல்கள் இடம்பெறுவதுமாகிய நம் இசைக்கு அது போதாது.

படைப்பும் நிகழ்வும்

நூல் வேறு, அதன் பதிப்பு வேறு, நம் கையிலுள்ள படி வேறு என்பது தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1998-இல் வெளியிட்ட அறிக்கையும் படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, படி என நான்காக இதனைப் பகுத்துரைத்தது. இசைக்கும் இப்பகுப்பே அடிப்படையாம். கீர்த்தனை படைப்பு, அதனை ஒருவர் ஒருநாள் பாடியது நிகழ்வு, அந்நிகழ்வு இசைத்தட்டாகவோ நாடாவாகவோ வந்தது வெளியீடு, நம் கணிப்பொறியிலுள்ள கோப்பு படி. இவற்றுக்கு உரிய புலங்களைக் கீழ்வருமாறு வகுத்துக்கொள்ளலாம்.

1. படைப்பைச் சார்ந்தன: பாடலின் தொடக்கம், பாடலாசிரியர், இசையமைத்தவர், இராகம், பண், தாளம், உருவகை.

2. நிகழ்வைச் சார்ந்தன: பாடியவர், பக்கவாத்தியக் கலைஞர் ஒவ்வொருவரும் அவர்தம் கருவியும், இடம், நாள்.

3. படியைச் சார்ந்தன: மூலம் இசைத்தட்டோ நாடாவோ வானொலிப் பதிவோ என்பது, மாற்றியவர், மாற்றிய நாள், குறிப்புகளுக்குரிய சான்று.

பாடலாசிரியரையும் இசையமைத்தவரையும் ஒரே புலத்தில் எழுதுதல் பெரும்பிழை. இராமநாடகக் கீர்த்தனையை இயற்றியவர் 18-ஆம் நூற்றாண்டினராகிய அருணாசலக் கவிராயர். அதற்கு மெட்டமைத்தவர்கள் அவர் மாணாக்கராகிய சட்டநாதபுரம் கோதண்டராமையரும் வேங்கடராமையரும் ஆவர். பிற்காலத்தார் அவற்றுட் பலவற்றை வேறு மெட்டுகளில் பாடினர். திருப்பாவைக்கு அரியக்குடி இராமாநுச ஐயங்கார் அமைத்த மெட்டு பலராலும் பாடப்படுவது. பாடல் ஆண்டாள் அருளியது. ‘கலைஞர்’ என்னும் ஒரே புலத்தில் இவர்கள் அனைவரையும் திணித்தால், பரிபாடலின் மூன்றாம் பாடலுக்கும் ஐந்தாம் பாடலுக்கும் இடையே இசைபற்றி உள்ள வேறுபாட்டை இழந்தவர் ஆவோம்.

பண்ணையும் இராகத்தையும் தனித்தனியே குறித்தல் நலம். இன்றைய ஓதுவார் மரபில் தக்கராகம் காம்போதியாகவும், பழம்பஞ்சுரம் சங்கராபரணமாகவும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையாகவும் பாடப்படுகின்றன. இரண்டையும் எழுதி வைப்பின், காம்போதி என வினவிய அளவில் கீர்த்தனைகளோடு தக்கராகப் பதிகங்களும் ஒருங்கே வந்து நிற்கும். இராகமாலிகையாயின் இராகங்களைக் காற்புள்ளியிட்டு ஒரே சொற்றொடராக எழுதாது, மென்பொருள் இடந்தரும் வகையில் வெவ்வேறு மதிப்புகளாக எழுதுக. அன்றேல் அத்தொடர் முழுவதும் ஒரு புதிய இராகத்தின் பெயராகக் கொள்ளப்படும்.

தொகுப்பு என்னும் புலத்தில் கச்சேரியின் இடத்தையும் நாளையும் எழுதுவது பொருந்தும். ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் என ஒரே உருப்படி பல கோப்புகளாகப் பிரிந்திருப்பின் வரிசை எண் இன்றியமையாதது. பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது. ஆதலின் ஒரு பாடல் இரு பக்கமாகப் பிரிந்திருத்தலும் உண்டு. அவற்றை ஒட்டி ஒன்றாக்கின் அச்செய்தியையும் குறித்தல் வேண்டும்.

பெயர் ஒருமை

காம்போதி, காம்போஜி, காம்போசி என்பன நமக்கு ஒன்று, மென்பொருளுக்கு மூன்று. தியாகராசர், தியாகராஜர், தியாகையர் என்பனவும் அவ்வாறே. முன்னெழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டும் விடாதும் எழுதினாலும் ஒரு கலைஞர் இருவராகிவிடுவர். ஆதலின் பெயர்களை எழுதத் தொடங்குமுன் ஒரு பெயர்ப்பட்டியல் வகுத்து, எவ்வடிவத்தைக் கொள்வது எனத் துணிந்து, அதனையே எங்கும் கையாளுதல் வேண்டும். எவ்வடிவம் சிறந்தது என்னும் வழக்கு ஒருபுறம் நிற்க; ஒரே வடிவம் என்பதே ஈண்டு வேண்டப்படுவது. தாய் இராகத்தின் எண்ணையும் ஒரு புலமாகச் சேர்த்தால் 28-ஆம் மேளமாகிய அரிகாம்போதியின்கீழ்க் காம்போதி, மோகனம் முதலியவற்றை ஒருங்கு காணலாம்.

அகர வரிசை

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசையன்று. அங்கே னகரம் நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன் நிற்கும். றகரம் ரகரத்தை அடுத்து நிற்கும். ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முந்தும். குறியெண்ணை மட்டும் நோக்கி வரிசைப்படுத்தும் மென்பொருளில் கனகாங்கி, கமாசு, கரகரப்பிரியா, கல்யாணி என இராகங்கள் நிற்கும். நெடுங்கணக்கின்படி கனகாங்கி இறுதியில் வருதல் வேண்டும். தேடுபவர் உரிய இடத்திற் காணாது, அப்பதிவு இல்லை எனக் கருதிவிடுதல் கூடும். மொழிக்குரிய வரிசைமுறையைப் பின்பற்றும் மென்பொருளைத் தேர்தல் ஒரு வழி. வரிசைக்கென உள்ள தனிப் புலங்களில் எண்ணோ வேறு குறியோ இட்டு ஒழுங்குபடுத்துதல் மற்றொரு வழி.

தேவாரத்தைப் பண்முறையாகவும் தலமுறையாகவும் தொகுத்தனர் முன்னோர். ஏட்டிலும் அச்சிலும் அவ்விரண்டும் வெவ்வேறு நூல்களாக அமைய வேண்டியிருந்தன. பெயர்க்குறிப்பு நிறைவாக உள்ள தொகுப்பிற்கோ இரண்டு படி வேண்டா. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, பண், தலம், பாடியவர், ஆண்டு என வேண்டிய வரிசையில் அவற்றைக் காணலாம். ஆதலின் கோப்புறைகளை எவ்வாறு அடுக்குவது என்பதில் பெரிதும் உழல வேண்டுவதில்லை. குறிப்பை நிறைவாக எழுதுவதிலேயே உழைப்பைச் செலுத்துக.

எதனை முதலில் எழுதுவது

ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு இத்தனை புலங்களையும் நிரப்புதல் இயலுமோ எனின், ஒருங்கே இயலாது என்பதே விடை. ஆயின் எல்லாச் செய்தியும் ஒரே தன்மையன அல்ல. இராகமும் தாளமும் பாடலின் தொடக்கமும் ஒலியினுள்ளேயே உள்ளன. வல்லார் ஒருவர் பத்தாண்டு கழித்துக் கேட்டும் அவற்றை எழுதிவிடலாம். பக்கவாத்தியக் கலைஞர் பெயரும் இடமும் நாளும் ஒலியில் இல்லை. பதிந்தவர் நினைவிலும் ஒரு துண்டுத் தாளிலுமே உள்ளன. ஆகவே ஒலியிலிருந்து மீட்க இயலாதவற்றையே முதலில் எழுதுதல் வேண்டும். யாம் செய்த பிழை இவ்வரிசையை மாற்றியதே ஆகும்.

ஐயமுள்ள இடத்து ஐயம் என்றே எழுதுக. குரலொப்புமை கொண்டு ஒருவர் பெயரைத் துணிந்து எழுதிவிட்டால், அக்கோப்பைப் படியெடுப்பார் அனைவரும் அப்பிழையையும் உடன் எடுத்துச் செல்வர். ஏடெழுதுவோர் பிழை படிதோறும் மாறுதலின், படிகளை ஒப்பிட்டு அதனைக் காண இயலும். கணிப்பொறிப் படிகளோ எழுத்து மாறாது ஒத்திருத்தலின் ஒப்பிட்டும் காண இயலாது. சான்று என்னும் புலம் இதற்காகவே வேண்டப்படுவது. ‘நாடாப் பெட்டியிலுள்ள தாள்’, ‘கேட்டறிந்தது’, ‘ஊகம்’ என ஒரு சொல் அமைந்தாலும் பின்வருவார்க்குப் பெருந்துணையாகும்.

எழுதிய குறிப்பு கோப்பினுள்ளேயே பதிதல் வேண்டும். சில மென்பொருள்கள் சில செய்திகளைத் தம் தரவுக்களத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். மென்பொருளை மாற்றினால் அவை ஒழியும். குறிப்புகள் அனைத்தையும் ஒரு பட்டியலாகத் தனிக் கோப்பில் எடுத்து வைத்தலும், பெட்டித் தாள்களையும் இசைத்தட்டு உறைகளையும் படம் எடுத்து உரிய ஒலிக்கோப்புகளோடு சேர்த்து வைத்தலும் செய்யத்தக்கன.

பரிபாடலின் முதற்பாடலை இயற்றியவர் பெயரும் அதற்கு இசை வகுத்தவர் பெயரும் இன்று தெரியவில்லை. அவற்றை அறிய இனி வழியும் இல்லை. எம்மிடமுள்ள நாடாக்களில் ஒன்றில் தனி ஆவர்த்தனம் வாசித்தவர் பெயரும் அந்நிலையிலேயே உள்ளது. ஏனைய தொகுப்புகளை உடையோர், அறிந்தோர் வாழும் காலத்திலேயே கேட்டு எழுதி வைப்பாராக.