தெள்ளுப்பூச்சி இருப்பது தரையில், தடிப்பு தெரிவது குழந்தையின் தோலில்

வடுகபட்டிப் பக்கத்திலிருந்து நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தனர். முழங்காலுக்குக் கீழே கொத்துக் கொத்தாகச் சிவந்த தடிப்புகள் இருந்தன. கணுக்காலில் மட்டும் தீச்சுட்டது போன்ற பெரிய கொப்புளம் ஒன்று காணப்பட்டது. தடிப்புகளுக்குக் காரணம் பூச்சிக்கடி. கொப்புளத்துக்குக் காரணமோ, கடிக்கு நல்லதென்று பாட்டி அரைத்துக் கட்டிய பச்சைப் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு வந்து குவியும் சந்தை உள்ள ஊரில், கைவைத்தியமாகப் பூண்டு நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அரைத்த பூண்டைத் தோலில் வைத்துக் கட்டினால், சில மணி நேரத்திலேயே குழந்தையின் மெல்லிய தோல் வெந்துவிடும்.

"ஒரே பாயில்தான் எல்லோரும் படுக்கிறோம். இவளுக்கு மட்டும் ஏன்?" என்று தாய் கேட்டார். பல பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி இது.

ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன்?

தெள்ளுப்பூச்சி வீட்டில் உள்ள அனைவரையும் கடிக்கக்கூடும். கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் இறங்குகிறது. பெரியவர்கள் பலரின் உடல் அதற்குப் பழகிவிட்டிருக்கும். இரண்டு முதல் பத்து வயது வரையிலான குழந்தைகள் சிலருக்கு அந்த உமிழ்நீரே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. புதிய கடி ஒன்று விழுந்தால், ஆறிப்போன பழைய தடிப்புகளும் மீண்டும் சிவந்து அரிக்கும். கரப்பான் உள்ள குழந்தைகளுக்கும் வறண்ட தோல் உடையவர்களுக்கும் துன்பம் இன்னும் மிகுதி. எனவே மற்றவர்களுக்குத் தடிப்பு இல்லை என்பதால் வீட்டில் பூச்சி இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

எப்படி அறிவது?

தெள்ளுக்கடி பெரும்பாலும் கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் இரண்டு மூன்றாகச் சேர்ந்து காணப்படும். விரலிடுக்கிலும் அக்குளிலும் இரவில் அரித்து, வீட்டில் பலருக்கும் பரவினால் அது சிரங்காக இருக்கலாம். காய்ச்சலுடன் உடல் முழுவதும் நீர்க் கொப்புளங்கள் தோன்றினால் அது அம்மையாக இருக்கலாம். உண்ணி தோலைக் கவ்விப் பிடித்திருக்கும். தெள்ளோ கடித்துவிட்டுத் தாவிவிடும்.

ஐயம் இருந்தால், இரவில் ஓர் அகலமான வெள்ளைத் தட்டில் சோப்பு நீரை ஊற்றி, விளக்கொளி விழுமாறு தரையில் வையுங்கள். வெளிச்சத்தை நோக்கித் தாவும் தெள்ளுகள் காலையில் நீரில் கிடக்கும்.

பூச்சி எங்கே வாழ்கிறது?

வளர்ந்த தெள்ளு நாய், பூனை, ஆடு, எலி ஆகியவற்றின் உடலில் வாழ்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். அவை அங்கே தங்காமல், விலங்கு படுக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. புழுக்கள் தரை விரிசலிலும், பாயின் அடியிலும், சாக்குக் குவியலிலும், ஆட்டுக் கொட்டில் மண்ணிலும் இருளைத் தேடி வளர்ந்து, பின்னர் கூடு கட்டிக்கொள்கின்றன. கூட்டுக்குள் இருப்பவற்றை மருந்து எளிதில் எட்டுவதில்லை. மாதக்கணக்கில்கூட அவை காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் வெப்பமும் பட்டவுடன் வெளியேறும். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்புவோர், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழைந்த உடனேயே கடிபடுவது இதனால்தான்.

ஆகவே குழந்தையின் தோலுக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. விலங்கு, வீடு, தோல் ஆகிய மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிக் கவனிக்க வேண்டும்.

விலங்குக்கு: நாய், பூனை, ஆடு அனைத்துக்கும் ஒரே நாளில் கால்நடை மருத்துவரிடம் மருந்து பெறுங்கள். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. கொட்டில் மண்ணையும் சருகையும் வாரி அகற்றுங்கள்.

வீட்டுக்கு: படுக்கை விரிப்பு, போர்வை, குழந்தையின் உடைகளைச் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்துங்கள். பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். மூலை முடுக்குகளை நாள்தோறும் பெருக்கி, குப்பையை உடனே வெளியேற்றுங்கள். தரை விரிசல்களைப் பூசி அடையுங்கள். கூடுகளிலிருந்து புதிய பூச்சிகள் வந்துகொண்டே இருக்குமாதலால், இப்பணியை மூன்று நான்கு வாரங்களேனும் தொடர வேண்டும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று கைவிடுவதே பலரும் செய்யும் பிழை.

தோலுக்கு: கடித்த இடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். காலமைன் பூசலாம். நகங்களை ஒட்ட வெட்டுங்கள். அரிப்பு அடங்காவிட்டால் உரிய களிம்பையும் மருந்தையும் மருத்துவர் தருவார்.

செய்யக் கூடாதவை

தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிக்கொல்லியை வீட்டுக்குள்ளோ, விலங்கின் மீதோ தெளிக்காதீர்கள்; தவழும் குழந்தையின் கையிலும் வாயிலும் அது சேரும். மண்ணெண்ணெய், பச்சைப் பூண்டு, சுண்ணாம்பு ஆகியவற்றைத் தோலில் இடாதீர்கள். மருந்துக் கடையில் தாமாக வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் வேண்டாம். அவை தோலை மெலியச் செய்து, நோயின் அடையாளத்தையும் மறைத்துவிடும்.

எப்போது எங்களிடம் வர வேண்டும்?

சொறிந்த புண்ணில் சீழோ தேன் நிறப் பொருக்கோ கண்டால் தாமதிக்காதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி புண்ணில் சேர்ந்தால், சில வாரங்கள் கழித்துச் சிறுநீரக அழற்சி ஏற்படக்கூடும். காலையில் முகம் வீங்குதல், சிறுநீர் குறைதல், சிறுநீர் தேநீர் நிறத்தில் போதல் ஆகியவை அதன் அறிகுறிகள். காய்ச்சலுடன் கடுந்தலைவலி, தோலில் கருத்த பொருக்கு ஆகியவை இருந்தால் அன்றே வாருங்கள். அது வேறொரு பூச்சி பரப்பும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

தெள்ளுக்கு நம் பகுதியில் ஒரு பழைய வரலாறும் உண்டு. எலித்தெள்ளே பிளேக் நோயைப் பரப்புகிறது என்பதை பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சைமண்ட் 1898ஆம் ஆண்டு கராச்சியில் காட்டினார். கம்பம் பள்ளத்தாக்கில் நிலவிய பிளேக் குறித்த ஆய்வு 1934ஆம் ஆண்டு வெளியாயிற்று. இன்று நாய், பூனைகளிடம் காணும் தெள்ளு பெரும்பாலும் வேறு இனம் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் எலிகள் காரணமின்றிக் கூட்டமாக மடிந்தால் அவற்றைத் தொடாமல் சுகாதாரத் துறையினருக்குத் தெரிவியுங்கள்.

அக்குழந்தையின் கொப்புளம் இரண்டு வாரங்களில் ஆறியது. தடிப்புகள் நின்றதோ, வீட்டார் கொட்டிலைத் துப்புரவாக்கி, நாய்க்கும் மருந்திட்டு ஒரு மாதம் கழிந்த பின்னரே. பூண்டு இப்போது சமையலறையில் மட்டும் இருக்கிறது என்று பாட்டியே சிரித்தபடி எங்களிடம் கூறினார்.