நீரிழிவும் நம் சோற்றுத் தட்டும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். ஆயினும் அதன் பத்துக் குறட்பாக்களிலும் ஒரு மூலிகையின் பெயரையோ ஒரு சூரணத்தின் பெயரையோ காண இயலாது. அவற்றுள் ஆறு பாக்கள் உண்ணும் முறையையும் அளவையும் பற்றியே பேசுகின்றன. பல்லாண்டுகள் வகுப்பறையில் இதனை விளக்கிய நான், இதன் ஆழத்தை உணர்ந்தது என் அன்னையாருக்கு நீரிழிவு கண்ட பின்னரே.

இனிப்பை விடுமாறு மருத்துவர் பணித்த அன்றே அவர் தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். திருமண வீடுகளிலும் இனிப்பைத் தொட்டதில்லை. எனினும் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, மாத்திரைதான் கூடியது. நாவிற்கு இத்தனை காவலிட்டும் பயனில்லையே என்று அவர் வருந்தினார். அவர் தட்டிலிருந்த சோற்றை எங்களுள் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 10 கிராம். சமைத்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 28 கிராம். ஒரு வேளைக்கு 300 கிராம் சோறு உண்பவர் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை உட்கொள்கிறார். மாவுச்சத்து குடலில் சிதைந்து குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகவே இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் குறைந்தோ, சுரந்தும் சரிவரச் செயற்படாமலோ போனவருக்கு அச்சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. நாவிற்கு இனிக்காத காரணத்தால் சோறு நம் ஐயத்திற்கு ஆளாவதில்லை, அவ்வளவே.

அரிசியைத் தீட்டத் தீட்ட நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் தவிட்டோடு போகின்றன. தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் நரம்பு நோயுற்றதையும், தீட்டாத அரிசியால் அவை தேறியதையும் ஜாவாவில் கண்டறிந்த எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நெல்லைப் புழுக்கும் நம் வழக்கம் அவ்வுயிர்ச்சத்தின் ஒரு பகுதியை அரிசியினுள் செலுத்திக் காக்கிறது. ஆனால் புழுங்கலரிசியும் அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றவே செய்யும். கேழ்வரகும் அவ்வாறே. நுண்ணிதாக அரைத்துக் களியாக்கி வயிறு முட்ட உண்டுவிட்டு, 'நான் சோறே உண்பதில்லை' என்று பெருமைப்படுவோர் பலர்!

எங்கள் இல்லத்தில் செய்த மாற்றம் எளியது. தட்டின் பாதியைக் கீரையும் அவரை, புடலை போன்ற காய்களும் கொண்டன. கால் பங்கைப் பருப்போ மீனோ கொண்டது. எஞ்சிய கால் பங்கே சோறு. அன்னையாருக்கு முதல் வாரம் பெருந்துன்பம். "இது தட்டா, தோட்டமா?" என்று கேட்டார். சில திங்களில் சர்க்கரை இறங்கியது. மருத்துவரே மாத்திரையைக் குறைத்தார்.

வருமுன் காத்தலுக்கும் சான்று உண்டு. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைச் சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய்க்கான வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்திருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களிடம் அக்குறைவு 26.4 விழுக்காடு.

இதனைப் படித்துவிட்டு இன்றிரவே சோற்றைத் துறந்துவிட வேண்டா. இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ கொள்பவர் உணவைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து, வியர்த்து நடுங்கி மயங்க நேரும். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே சோற்றின் அளவில் கை வைத்தல் வேண்டும்.