கடிக்காத கொசு

காட்டுப்பள்ளிக்கு ஒரு புறம் வங்கக்கடல். மறு புறம் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். இத்தனை நீர் சூழ்ந்திருந்தும், குடிநீரைக் குடத்திலும் பீப்பாயிலும் சேர்த்து வைத்தே எங்கள் இல்லங்கள் நடைபெறுகின்றன. அந்த நன்னீரை நாடி வருவது ஏடிஸ் என்னும் கொசு. பகலில் கடித்து டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது இதுதான்.

முட்டைகளை வளர்க்க இரத்தம் வேண்டியிருப்பதால், கடிப்பது பெண் கொசு மட்டுமே. நமது மூச்சிலுள்ள கரியமில வாயு, வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம் ஆகியவற்றின் வாடையைப் பற்றிக்கொண்டு அது நம்மை வந்தடைகிறது. ஆனால், வயிறு நிறைய இரத்தம் குடித்த கொசு, நாம் அருகில் இருந்தும் சில நாட்கள் நம்மை நாடுவதில்லை. நம் வாடை மாறவில்லையே. பின் மாறியது எது?

முதலில், இரத்தத்தால் வயிறு விரிவதே அதன் நாட்டத்தை அடக்குகிறது. அது செரித்த பின்னும் அடக்கம் நீடிக்கிறது. முட்டை முதிரும் கொசுவின் உடல்நீரை எடுத்து, முட்டை வளராத கொசுவின் உடலில் செலுத்தினர் அமெரிக்க அறிஞர்களான கிளவுடனும் லீயும். அதுவும் இரத்தத்தை நாடாது ஓய்ந்தது. 1979இல் வெளியான இச்சோதனை, உடல்நீரில் கலந்து ஓடும் ஒரு பொருளே ஏவலாள் என்று காட்டியது. லாக்டிக் அமிலத்தை அறியும் உணர்கொம்பின் கூர்மை அந்நாட்களில் மழுங்குவதும் 1984இல் தெரியவந்தது. நரம்பணுக்கள் சுரக்கும் ஹார்மோன் ஒன்றைச் செலுத்தியே இவ்வடக்கத்தை உண்டாக்கலாம் என்பது 1994இல் புலனாயிற்று.

பழ ஈயிடம் இதன் மறுபக்கத்தைக் காணலாம். பசித்த ஈயின் மோப்ப நரம்புகளை இத்தகைய சுரப்பு ஒன்று கூர்மையாக்கி, உணவைத் தேட வைக்கிறது. ஆக, பூச்சி எதை முகர வேண்டும் என்பதை அதன் உடலின் தேவையே தீர்மானிக்கிறது.

2019இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் டுவாலும் வோஸ்ஹாலும், அச்சுரப்பின் குறிப்பை ஏற்கும் வாயிலைக் கொசுவினிடத்தே கண்டறிந்தனர். அதைத் தூண்டும் மருந்தை ஊட்டியதும், இரத்தமே குடிக்காத கொசுக்கள் வயிறு நிறைந்தவைபோல் அடங்கின.

அம்முறை நம் வீட்டு வாசலுக்கு வரும்வரை ஒன்றை மறவாதிருப்போம். கடிக்காமல் சுவரில் அமர்ந்திருக்கும் கொசு நம்மை விட்டுவிட்டதாகப் பொருளில்லை. அதன் வயிற்றில் ஏறத்தாழ நூறு முட்டைகள் முதிர்ந்துகொண்டிருக்கலாம். அவற்றை இட்டபின் மோப்பம் மீளும். மீண்டும் நம்மைத் தேடி வரும். இப்போது அது தேடுவது நமது பீப்பாயை. ஆகவே பீப்பாயை இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை நீரை வடித்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் ஒட்டியிருப்பது அங்கேதான். நீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.