தாயின் கையொப்பமே போதும்

குழந்தையின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்க வரும் தாய், படிவத்தில் 'தந்தை பெயர்' என்னும் கட்டத்தைக் கண்டதும் பேனாவை நிறுத்திவிடுகிறார். பின்னால் வரிசை நிற்கிறது. "நாளை வருகிறேன்" என்று கூறிச் சென்றுவிடுகிறார். தங்கவயலில், சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்ட பின், பெங்களூருக்கு ரயிலேறி உழைத்துக் குடும்பம் காக்கும் பெண்கள் பலர். கணவரை இழந்தோர், பிரிந்தோர், மணம் புரியாமலே தாயாக வாழ முடிவெடுத்தோர் ஆகிய எவரும் எங்களிடம் காரணம் கூற வேண்டியதில்லை.

தாயைக் காப்பாளராகக் கொண்டு சிறார் கணக்குத் தொடங்க ரிசர்வ் வங்கி 1976-லேயே அனுமதித்தது. ஆயினும் 1984-இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தந்தையின் கையொப்பம் கேட்கப்பட்டது. தந்தை உயிருடன் இருக்கையிலும், அவர் பொறுப்பேற்காத நிலையில் தாயே இயற்கைக் காப்பாளராகலாம் என 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மணமாகாத தாய் ஒருவர், தம் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை வாரிசுதாரராக நியமிக்க விரும்பினார். தந்தையின் பெயரைத் தெரிவிக்குமாறும், இன்றேல் நீதிமன்றச் சான்று பெறுமாறும் அவரிடம் கூறப்பட்டது. தந்தைக்கு அறிவிப்பு அனுப்பாமலே அவரது காப்பாளர் மனுவை விசாரிக்கலாம் என்று 2015 ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் அளித்தால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. தாய் மட்டுமே உள்ள குடும்பத்தினர் தந்தை பெயரின்றிப் பான் அட்டை பெறவும் 2018 முதல் வழியுண்டு.

கணக்குத் தொடங்கக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். தத்தெடுத்தவர் தத்தெடுப்பு ஆணையின் நகலையும் இணைக்க வேண்டும். இக்கணக்கில் இருப்புக்கு மேல் பணம் எடுக்க இயலாது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் கையொப்பம் புதிதாகப் பதிவு செய்யப்படும்.

தனித்து வாழும் தாய் மறக்கக் கூடாதது ஒன்றுண்டு. தங்கள் கணக்குக்குச் சிறு பிள்ளையை வாரிசுதாரராக நியமிக்கும்போது, தங்களுக்குப் பின் அப்பிள்ளையின் சார்பில் பணத்தைப் பெறுவதற்கு நம்பிக்கைக்குரிய ஒருவரையும் அதே படிவத்தில் குறிப்பிடுங்கள். பாட்டியோ, சித்தியோ, தோழியோ, யாராயினும் சரி. அக்கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள்.