இறக்கையை ஒப்பிடுவதா, காற்றை ஒப்பிடுவதா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. அறுவடை முடிந்த படுவான்கரை வயல்களின் மேல் முற்பகல் வேளையிலே செம்பருந்து சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அதற்குக் காரணம் வெயில். வயல்நிலம் விரைவிற் சூடேறுகின்றது; வாவி நீரோ மெல்லவே சூடாகும். சூடான நிலத்தைத் தொட்ட காற்று இலேசாகிக் குமிழிகளாயும் தூண்களாயும் மேலெழுகின்றது. இந்த வெப்ப எழுகாற்றே பருந்தின் ஏணி.

இதே ஏணியில் ஏறுவதற்கென்று மனிதன் செய்த பொம்மை ஒன்று உண்டு. அதுதான் வானொலி அலையால் தரையிலிருந்து இயக்கப்படும் கிளைடர் என்னும் சறுக்கு விமானம். பொம்மை என்று இகழ்ந்துவிட வேண்டாம். போட்டிக் கிளைடரின் இறக்கை நான்கு மீற்றர் வரை நீளும். ஆயினும் கரிநாராற் செய்யப்படுவதால் அதன் எடை ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவாக இருப்பதுண்டு.

உலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகளில் எஃப் 5 ஜே என்றொரு பிரிவு இருக்கிறது. அதில் சிறு மின்மோட்டர் ஒன்றை 30 செக்கனுக்கு மேற்படாமல் இயக்கி உயரலாம்; பின்னர் மோட்டரை மீண்டும் இயக்குதல் ஆகாது. 10 நிமிடம் வானில் நிற்க வேண்டும். செக்கனுக்கு ஒரு புள்ளி. குறித்த இடத்தில் இறங்கினால் 50 புள்ளி வரை கிடைக்கும். ஆனால் ஏறிய உயரத்தில் 200 மீற்றர் வரை, ஒவ்வொரு மீற்றருக்கும் அரைப்புள்ளி கழிக்கப்படும்.

இங்கேதான் கணக்குச் சுவைக்கிறது. அசைவற்ற காற்றில் நல்ல கிளைடர் ஒன்று செக்கனுக்கு 40 சதம மீற்றர் தாழும் என்று கொள்வோம். 100 மீற்றரிலிருந்து தரைக்கு வர 250 செக்கன்; அதாவது நாலு நிமிடத்துக்குச் சற்றே மேல். மீதி நேரத்தை எழுகாற்றிடம் இரந்தே பெறவேண்டும். 160 மீற்றர் ஏறியவன் 80 புள்ளி இழப்பான். 60 மீற்றரில் துணிந்து நின்றவன் 30 மட்டுமே இழப்பான். துணிவுக்குப் பரிசு 50 புள்ளி. காற்றைக் கண்டுபிடிக்கத் தவறினாலோ தோல்வி.

இத்தகைய கருவியைச் சுருதி கூட்டுவது எப்படி? முதலாவது, ஈர்ப்பு மையம். மூக்கிலுள்ள எடையைச் சில மில்லிமீற்றர் முன்னோ பின்னோ நகர்த்துவார்கள். கிளைடரை நேராகச் செல்லுமாறு அமைத்து, மூக்கைத் தாழ்த்திப் பாயவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். வெடுக்கென நிமிர்ந்தால் மூக்குக் கனம். இன்னும் செங்குத்தாகப் பாய்ந்தால் வால் கனம். மெல்ல நிமிர்ந்தால் நன்று. மூக்குக் கனத்தது உறுதியாகப் பறக்கும். ஆனால் மெல்லிய எழுகாற்றை உணர்த்தாது. மையம் பின்னே சென்றது அதனை உடனே உணர்த்தும்; ஆனால் இயக்குபவனைக் களைக்கச் செய்யும்.

இரண்டாவது, இறக்கையின் வளைவு. பின்விளிம்பைச் சிறிது தாழ்த்தினால் மெதுவாக மிதக்கும்; சிறிது உயர்த்தினால் விரைந்து செல்லும். மூன்றாவது, சுமை. நமது கச்சான் காற்றுப் போலப் பலமாக வீசும் காற்றை எதிர்க்க, உள்ளே எடை சேர்ப்பார்கள். எடை 21 வீதம் கூடினால் வேகம் 10 வீதம் கூடும். தாழும் விரைவும் அவ்வளவு கூடும். இலாபம் ஒன்றெனில் விலையும் ஒன்று.

இனி, இரு கிளைடர்களில் எது சிறந்தது என்று எப்படிச் சொல்வது? ஒன்று காலையிலும் மற்றது நண்பகலிலும் பறந்தால், நாம் ஒப்பிட்டது இறக்கையை அன்று, காற்றையே. ஆகவே வாவி கண்ணாடிபோற் கிடக்கும் விடியற்காலையில், ஒரே உயரத்திலிருந்து, இரண்டையும் அருகருகே பறக்கவிட வேண்டும். அடுத்த முறை இயக்குபவர்கள் கை மாறவேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பலமுறை பார்க்கவேண்டும்.

போட்டி விதியும் இந்த நீதியை அறிந்திருக்கிறது. ஒரே வேளையில் பறக்கும் ஒரு குழுவில் முதல்வருக்கு 1000 புள்ளி. ஏனையோருக்கு அவருடன் ஒப்பிட்ட பங்கு. வேறு காற்றில் பறந்தவரோடு நேரே ஒப்பிடுவதில்லை. நம் நாட்டின் உயர்தரப் பரீட்சையில் வெவ்வேறு பாடம் எடுத்தோரை ஒப்பிட இசட் புள்ளி வேண்டியிருப்பதும் இதே காரணத்தாலன்றோ? அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியைக் காட்டித் தம் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர், இருவருக்கும் வீசிய காற்று ஒன்றுதானா என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நலம்.

விலையுயர்ந்த கருவியே அறிவு தரும் என்பதுமில்லை. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகப் பேராசிரியர் மார்க் டிரேலா, 1988 இல் மனித வலுவாற் கிரீற்றிலிருந்து சன்ரோறினி வரை சுமார் 115 கிலோமீற்றர் பறந்த டெடலஸ் விமானத்தை வடிவமைத்தோரில் ஒருவர். அவரே சிறந்த கிளைடர் வரைபடங்களை வரைந்து, யாவரும் இலவசமாகப் பயன்படுத்த வழங்கினார்.

வானொலிக் கருவி வாங்கியோர் முதலிற் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளை அறிதல் வேண்டும். நம் நகரருகே விமான நிலையம் இருப்பதை மறக்கலாகாது. ஏனைய மாணவருக்கு மெல்லிய ரெஜிபோம் அட்டையும் ஓர் உருண்டைக் களிமண்ணும் போதும். கையால் எறியும் கிளைடர் இரண்டு செய்யுங்கள். காற்றில்லாத காலையிற் களிமண்ணைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலைக்கும் பத்து முறை எறிந்து, நேரத்தைக் குறித்து வாருங்கள். கடிகாரத்தைத் தங்கை பிடிக்கட்டும். எறிபவன் தன் கிளைடருக்குத் தானே நேரம் குறிக்கக்கூடாது. இந்த ஒரு விதியைக் கற்றுக்கொண்டாலே விஞ்ஞானத்தின் பாதி கைவந்ததாகும்.